முதலில் அவளுக்கு

"முதல்ல உன் கால்ல வெச்சுக்கோ. எப்படி இருக்குன்னு சொல்லு. அப்புறம் நான் வெச்சுக்கறேன்."

தோளில் துவைத்த துணிகள் அடங்கிய பையோடு இஸ்திரிக் கடைக்குள் நுழைந்த அண்ணன்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே அவன் தங்கை புருஷன் பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். அவன் வலது கணுக்காலில் பூசணிக்காய் பருமனுக்கு ஒரு கட்டு. எதிரே தங்கை நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் துணிமூட்டை மேல் தூக்கிப் போட்டு, துண்டில் சுற்றிய ஐஸ்கட்டியைத் தன் கணுக்காலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா கூத்து இது?"

"இவருக்குக் கணுக்கால் மூட்டுல நீர் கோத்துக்கிச்சு அண்ணா. படியில பிசகிட்டாராம். ஐஸ் வைக்கணும், இறுக்கிக் கட்டணும், காலைத் தூக்கி வெச்சுக்கணும், நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"மாப்பிள்ளைக்குத்தானே சொன்னார்? நீ எதுக்கு உட்கார்ந்திருக்கே?"

"பயப்படறார். எதையும் நான் முதல்ல செஞ்சு காட்டணுமாம்."

அது புதுசில்லை. சுடுகிற டீயைக்கூட அவள் ஒரு வாய் குடித்து, உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தபிறகுதான் வாங்கிக் குடிப்பான் அந்த மகராசன்.

"மரத்துப்போச்சா?" என்றான் பெஞ்சில் கிடந்தவன்.

"போச்சு."

"இன்னும் கொஞ்சம் வெச்சுப் பாரு. எனக்கு இன்னும் தைரியம் வரல."

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். "என் கைக்குட்டை இந்த வாரமும் வரலையேம்மா."

"தேடறேன் சார். சட்டை, பேன்ட் எல்லாம் சரியா இருக்கு. கைக்குட்டை மட்டும் எங்கே மாயமாப் போகுதுன்னே தெரியல."

புருஷன்காரன் கூரையில் ஓடிய பல்லியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

தங்கை மறந்தாற்போல் எழுந்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டாள். உடனே பெஞ்சிலிருந்து ஒரு முனகல். "ஐயோ, வலி உயிர் போகுது. உட்காரு, காலைத் தூக்கிக் காட்டு, எவ்வளவு உயரம்னு எனக்கு மறந்துபோச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணன்காரன் பல்லைக் கடித்தான். இப்படி ஒரு கோழையின் கையிலா தங்கையைப் பிடித்துக் கொடுத்தோம் என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

"மச்சான், இவ்வளவு பண்ணியும் முழுசா வத்தலை. இன்னிக்கு ஊசி போட்டு நீரை எடுக்கப் போறாராம் டாக்டர். துணைக்கு வர்றீங்களா?"

"வர்றேன். அந்தக் கண்கொள்ளாக் காட்சியை விடுவேனா?" என்று பையோடு கிளம்பினான் அண்ணன்காரன்.

தங்கையும் சேர்ந்து மூவருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஊசியை எடுத்ததுதான் தாமதம். புருஷன்காரன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"டாக்டர், முதல்ல அவளுக்குப் போடுங்க. வலிக்குதான்னு பாத்துட்டு சொல்றேன்."

அண்ணன்காரன் பாய்ந்து எழுந்தான். "ஐஸ் வைக்கச் சொன்னே, பொறுத்தேன். காலைத் தூக்கச் சொன்னே, பொறுத்தேன். ஊசியுமா? என் தங்கச்சி என்ன, நீ வளர்க்கிற சோதனை எலியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளை."

டாக்டர் அசரவில்லை. "நல்ல யோசனைதான்" என்றார்.

யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அண்ணன்காரனுக்குப் புரியவில்லை.

"அம்மா, உங்க கணுக்கால்ல போடலாமா? மரத்துப்போக மருந்து கொடுத்துட்டுத்தான் போடுவேன். நீங்க சம்மதிச்சா மட்டும்."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். வியர்த்துக் கொட்டியிருந்தது. பெருமூச்சு விட்டுக் காலை நீட்டினாள். "போடுங்க டாக்டர். இல்லேன்னா இந்த மனுஷன் இந்த ஜென்மத்துல வைத்தியம் பாத்துக்க மாட்டார்."

ஊசி இறங்கியது. புருஷன்காரன் கண்ணை மூடிக்கொண்டான். சிரிஞ்சில் மஞ்சளாக நீர் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

நல்ல காலிலிருந்து இவ்வளவு நீர் எப்படி வருகிறது என்று யோசிக்க அண்ணன்காரனுக்குப் பொறுமை இல்லை.

"வலிச்சுதாம்மா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"கேட்டுட்டே இல்ல? டாக்டர், அடுத்தது இவனுக்கு. மாட்டுக்குப் போடற ஊசி இருந்தா அதை எடுங்க" என்று மாப்பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்து, தானே கட்டை அவிழ்த்தான்.

ஒரு கைக்குட்டை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. வெள்ளை, கட்டம் போட்டது, பூப்போட்டது என்று விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாக ஒரு கணுக்கால் வெளியே வந்தது.

"அந்த நீலக் கட்டம் என்னோடது" என்றார் டாக்டர்.

தங்கை கைக்குட்டைக் குவியலையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சட்டை வாங்க வந்தப்போ உங்க கால் வீங்கியிருந்ததைப் பாத்தேம்மா. வழுக்கி விழுந்த காலோட நாள் முழுக்க நின்னு தேய்ச்சா நீர் கோக்காம என்ன செய்யும்? வரச் சொன்னா, இதுக்கெல்லாமா டாக்டர்னு சிரிச்சீங்க. அப்புறம்தான் உங்க வீட்டுக்காரர் இந்த நாடகத்தோட என்கிட்ட வந்தார். எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பறேன். வேற கோளாறு இருந்தா தெரிஞ்சுடும். அதுவரைக்கும் நிக்கக் கூடாது. நீங்கதான்."

"ஏன்யா, இதை அவகிட்ட நேரா சொல்றதுக்கு என்ன?" என்றான் அண்ணன்காரன். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

புருஷன்காரன் கைக்குட்டைகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டே சொன்னான். "தனக்குன்னா ஒரு நிமிஷம் உட்கார மாட்டா மச்சான். எனக்குன்னா ஊசிகூடக் குத்திப்பா."

அண்ணன்காரன், தங்கை தேய்க்கட்டும் என்று கொண்டுவந்திருந்த துணிப்பையை, யாரும் பார்க்காமல், காலாலேயே, தான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.