கலப்படமற்ற கறுப்பு வெள்ளை

கலை உலகின் கனிவான கவனத்துக்கு: அத்திப்பட்டில் கறுப்பு வெள்ளைப் புகைப்படக் கண்காட்சி தொடங்கிவிட்டது. பரிசைத் தீர்மானிக்கக் கலாரசிகர் சந்தானகோபாலன் எழுந்தருளியிருந்தார். அந்தப் பரிசை நம்பி வேலையையே விட்டுவிட்டுப் படங்களை மாட்டியிருந்தான் விமல்.

“இதில் பச்சை அடிக்கிறது. அது ஊதா. கறுப்பு வெள்ளையில் கலர் எதற்கப்பா?”

“இன்னா பண்றது சார், இந்த பிரிண்டரு கறுப்புக்கே கலர் இங்க்கத்தான் கலக்கி அடிக்கிது.”

சுவரின் கோடியில் ரசிகர் சொக்கி நின்றார். சாம்பல் வானம், சாம்பல் மரங்கள், கனவில் வருவதுபோல் தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கி, கிளையில் சாம்பல் பூத்த கொக்கு.

“ஆகா! துளி நிறமில்லை! முதல் பரிசு இதற்குத்தான். எப்படி அச்சடித்தாய்?”

கொக்கு பறந்து போனது.

“அது ஜன்னலு சார்,” என்றான் விமல்.