ஒரே உப்பு

“சாமி, உப்புல பெரிய தப்பு பண்ணிட்டேன்” என்றான் ஆரோக்கியராஜ், பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரத்தட்டியில் வாயை வைத்து.

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் இப்படி ஆரம்பிப்பவர்கள் நிறைய. இரண்டு மாதம் முன்பு வந்த புதுப் பங்குச்சாமிக்கும் இதற்குள் பழகிவிட்டது. “கலப்படமா?” என்று கேட்டார்.

“பாத்தி உப்பு இல்ல சாமி. கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டை மறைச்சு வைக்கிற புரோகிராம். யார் வேணா சும்மா எடுத்துக்கலாம், யார் வேணா தப்பு சொல்லலாம். நான்தான் அதைப் பார்த்துக்கறேன். பாஸ்வேர்டு கூட நாலு எழுத்து சேர்த்துக் கொழப்பி வைக்கணும். அதுக்குப் பேரே உப்புதான்.”

“எல்லாருக்கும் ஒரே உப்பைப் போட்டுட்டீங்களா?”

“அதேதான் சாமி. ஆளுக்கு ஒரு உப்பு போட்டிருக்கணும்.”

உப்புக்கார ஊருக்கு வந்த சாமி, சட்டென்று பிடித்துக்கொள்கிறாரே என்று ஆரோக்கியராஜுக்கு ஆறுதலாக இருந்தது. மிச்சத்தையும் கொட்டிவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்பே அந்தக் கோளாறை ஒருவன் கண்டுபிடித்து எழுதியிருந்தான். புனைபெயர்தான், முகம் தெரியாது. இவனுக்கோ மூக்குக்கு மேல் கோபம். ‘போய் அ ஆ படிச்சுட்டு வா’ என்கிற மாதிரி நாலு பேர் பார்க்கத் திட்டி, பிளாக்கும் பண்ணிவிட்டான்.

போன வாரம் உட்கார்ந்து பார்த்தால், அவன் சொன்னது அத்தனையும் சரி. சத்தம் காட்டாமல் அதே திருத்தத்தைத் தன் பெயரில் போட்டுக்கொண்டான். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்து குவிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

“அந்த ஆள்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?”

“எந்த தேசத்துல இருக்கானோ சாமி. நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கவே வெக்கமா இருக்குது.”

“அ ஆ படிக்கவா அனுப்பினீங்க?” என்று சாமி இன்னொரு தரம் கேட்டார். நாம் நினைத்ததைவிடப் பெரிய பாவம் போலிருக்கிறது என்று ஆரோக்கியராஜ் பயந்துபோனான்.

கடைசியில் சாமி பரிகாரம் சொன்னார். “கண்டுபிடிச்சவர் பேரை இன்னைக்கே அதுல போடுங்க. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லுங்க.” சிலுவை வரைந்து மன்னிப்பு ஜெபத்தையும் சொல்லி முடித்தார்.

ஆரோக்கியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “அப்ப எனக்கு மன்னிப்பு கெடைச்சிடுச்சா சாமி?”

“ஆண்டவர் மன்னிச்சிட்டாரு தம்பி. நான் மன்னிக்கறதுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”