ஒருமனதாக

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க மேடம். பேசிக்கிட்டே மடிச்சுடலாம்."

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற மடிப்புக்காரப் பெண், படுக்கை விரிப்பின் இரண்டு நுனிகளை நீட்டினாள். ஆலோசகராக வந்தவள் மறுக்கத் தோன்றாமல் வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து இதே கதைதான். யாரிடம் கேள்வி கேட்டாலும், பதிலோடு சேர்த்து ஒரு துணியும் கைக்கு வந்துவிடுகிறது.

தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் சலவைக் கூட்டுறவு அது. ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் துண்டு என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இப்படிப்பட்ட சங்கங்கள் வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து யோசனை கேட்டுக்கொள்ள அரசு மானியம் தருகிறது. அந்த மானியத்தில்தான் இவள் வந்திருந்தாள். ஒரே நாள் வேலை. சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக வேண்டும். 'லேட்டா வந்தா உன்கூடப் பேசவே மாட்டேன்' என்று அந்த வாண்டு மிரட்டித்தான் அனுப்பியிருந்தது.

"இங்க எல்லாத்துக்கும் ஓட்டுதான் மேடம். ஒருத்தர் கை தூக்கலைன்னாலும் தீர்மானம் செல்லாது" என்றாள் மடிப்புக்காரப் பெண்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போடலாமா என்பதற்கே அத்தனை பேரும் கொதிகலன் பக்கம் கூடிக் கை தூக்கினார்கள். மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரும் தூக்கினார். ஆலோசகர் சிரித்துவிட்டாள். கூடச் சிரிக்க ஒரு ஆள் இல்லை.

ஆவியில் ஊறி வெளுத்த முகங்கள். சன்னல்களில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

"வெளியில வெயிலா மேடம்?" இஸ்திரிக்காரர் ஆசையாகக் கேட்டார். "ஆத்துப் பாலம் கட்டி முடிச்சுட்டாங்களா?"

அவளுக்கு என்னவோ போல் இருந்தது. சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடம் போனதே அந்தப் பாலத்தின் மேல்தான்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம். அவள் மளமளவென்று சொல்லி முடித்தாள். பழைய மெஷின் இரண்டையும் தள்ளிவிடுங்கள், ஷிப்டை மாற்றுங்கள். "எல்லாத்துக்கும் மேல, உங்களுக்கு ஆள் பத்தலை. முதல்ல நாலு பேரை வேலைக்கு எடுங்க."

"வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றார் பெரியவர்.

"சரிங்க, அப்ப நான் கிளம்பறேன்."

"தீர்மானம் போடணுமே" என்று இஸ்திரிக்காரர் எழுந்தார். "ஆலோசகர் வந்த வேலை முடிஞ்சுது, அவங்க போகலாம். ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க."

சட்சட்டென்று கைகள் உயர்ந்தன. சிலருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. பெரியவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, என் யோசனையில ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்லம்மா. ரொம்ப நல்லா மடிக்கிறே."

அவளுக்குச் சுருக்கென்றது. மேடம் எப்போது அம்மா ஆனாள்? கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"கதவைத் திறக்கவும் ஓட்டுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

போனில் சிக்னல் செத்துக் கிடந்தது. அவள் கதவை இரண்டு கையாலும் தட்டினாள், கத்தினாள். கொதிகலன் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மடிப்புக்காரப் பெண் வந்து தோளைத் தொட்டாள்.

"விடுங்க! என் பொண்ணு ஸ்கூல் வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா. சின்னக் குழந்தை, அழுவா!"

"என் பையனும் அப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தான்" என்றாள் அவள். "இப்ப அவனுக்கே பிள்ளைங்க பிறந்திருக்கும்."

"என்ன உளர்றீங்க? நீங்க இங்க வேலை செய்யற தொழிலாளிதானே?"

"பெரியவர் ஒருத்தர்தாம்மா இங்க தொழிலாளி. மத்த நாங்க எல்லாரும் உன்னை மாதிரி ஒரு நாள் யோசனை சொல்ல வந்தவங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வேலைக்கு ஆள் வைக்க மானியம் தர மாட்டாங்களாம், ஆலோசகர் வைக்க மட்டும்தான் தருவாங்களாம்."