ஏரி நின்ற சுவர்

பஸ் ஸ்டாண்டுச் சுவருக்கு அந்த வெள்ளாட்டை விட்டால் வேறு நாதியில்லை.

"எவனோ காதணி விழா போஸ்டரை என் மேல ஒட்டிட்டுப் போயிட்டான். கொஞ்சம் தின்னுடேன்" என்று கெஞ்சியது.

"ஏன், மேலே எழுத்து தெரியுதே?"

"அது இங்க ஏரி இருந்த கதை. படிச்சிட்டு நிக்காமப் போயிடுவாங்க. அதை எழுத வந்த மரகதம், கீழே தன் கதையா ஒரு வரி நீலப் பெயிண்டுல எழுதிவெச்சா; போஸ்டர் அதைத்தான் மறைக்குது. அதைப் படிக்கிறவங்க பஸ்ஸைக்கூட விட்டுட்டு நிப்பாங்க."

மைதா பசை வாசத்தில் ஆட்டுக்கு வாய் ஊறியது. ஓரத்தைக் கடித்து வெடுக்கென்று இழுத்து, மென்று விழுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் வெறும் செங்கல். காகிதத்தோடு நீலப் பெயிண்டும் பெயர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டது.



"என்ன எழுதியிருந்துச்சு?" என்று ஆடு தயங்கித் தயங்கிக் கேட்டது.

சுவருக்கு அது மனப்பாடம். "'இந்த ஏரியில்தான் அக்கா என் வயிற்றைத் தாங்கி நீந்தக் கற்றுக்கொடுத்தாள். எப்போது கையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியவே இல்லை.'"

மறுநாள் சுவரில் போஸ்டர் எதுவும் இல்லை. ஆனாலும் ஆடு வந்தது. சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, "அதை இன்னொரு தரம் சொல்லு" என்றது.

சுவர் சொன்னது. அந்த ஏரி மண்ணை அறுத்துச் சுட்ட செங்கல் அது.

எதிரே பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. "இங்க தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று ஆடு கேட்டது.

"உன் தலைக்கு மேல."

ஆடு எழுந்து நின்று, மெல்ல மூக்கை உயர்த்திக்கொண்டது.