கைக்கு வந்த வாய்ப்பு

“முதல்ல உங்க கையைக் காட்டுங்கோ” என்றாள் திரிபுரசுந்தரி.

பார்லர்காரி தனம் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கை தெரிகிற மாதிரி பயபக்தியோடு நீட்டினாள். “கொஞ்ச நாளாவே நேரம் சரியில்லம்மா. பாத்து நல்லதா சொல்லுங்க.”

“நான் ரேகை பார்க்கறவ இல்ல, கீழ்க்கட்டளையில டீச்சர். கையைத் திருப்புங்கோ. உங்க நகம் எப்படி இருக்குன்னு தெரியணும்.”

தனத்தின் நகங்கள் ஒட்ட வெட்டி, அழுக்கில்லாமல் இருந்தன. அதற்குப் பிறகுதான் திரிபுரசுந்தரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கும்பகோணத்திலிருந்து கணவருக்கு மாற்றலாகி, தொண்ணூற்றிரண்டு ஜூனில் கீழ்க்கட்டளைக்கு வந்தவர்கள். நல்ல காய்கறிக் கடை எது என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் நகத்துக்குக் கடை தேடும்படி ஆகிவிட்டது.

காரணம், மாடி வீட்டு கங்கையம்மாளின் தம்பி முனிரத்தினம். விளம்பரக் கம்பெனியில் போட்டோகிராபர். அக்கா வீடு பூட்டியிருந்ததால் கீழே வந்து உட்கார்ந்தவருக்குத் திரிபுரசுந்தரி காபி கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்காமல் கையையே பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். இந்த மாதிரி ஒரு கையைத்தான் ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கோம். கைக்குப் போடற கிரீமுக்கு ஒரு பத்திரிகை விளம்பரம். கையை மட்டும்தான் எடுப்போம். சனிக்கிழமை கோடம்பாக்கம் ஸ்டுடியோவுக்கு வர முடியுமா? ஒண்ணும் பண்ணிக்க வேண்டாம், அப்படியே வாங்க.”

அவளுடைய ஏதோ ஒன்றை ஒருவர் ஊரெல்லாம் தேடியதாகச் சொன்னது, நாற்பத்தாறு வயதில் அதுதான் முதல் தடவை.

“கையை மட்டுமா?” என்று அன்று ராத்திரி கேட்டார் கணவர் யக்ஞநாராயணன்.

“முகத்தையும் சேர்த்தா கிரீம் விக்காதுன்னு அவருக்குத் தெரியாதா?” என்றாள் அவளே. சொல்லிவிட்டு, கண்ணாடி முன்னால் கையை மட்டும் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அப்படியே வா என்றால் அப்படியே போய்விட முடியுமா? ஒன்றும் வாங்கி வராதே என்கிற வீட்டுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடுதானே போகிறோம்.

மேடவாக்கம் ரோட்டில் ஏறிய முதல் பார்லரில், அங்கிருந்த பெண் நகம் தேய்க்கிற அரத்தை வாயால் ஊதித் தூசு தட்டிவிட்டு “உக்காருங்க” என்றாள். திரிபுரசுந்தரி உட்காரவில்லை.

அடுத்தது பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம். ஏ.சி.கூட உண்டு. கையை ஊறவைக்கிற கிண்ணத்தில் ஏற்கெனவே நுரை மிதந்தது.

“தண்ணி மாத்தலையா?”

“ஒருத்தர்தாங்க கை வெச்சாங்க. சூடுகூட ஆறல.”

அப்படித்தான் குரோம்பேட்டையில் தனத்திடம் வந்து சேர்ந்தாள். இங்கே துண்டுகள் கொடியில் வெயில்பட்டுக் காய்ந்தன. கத்தரியும் நகவெட்டியும் டெட்டால் தண்ணீரில் கிடந்தன. கத்தரியை எடுத்து மோந்து பார்த்தபோது திரிபுரசுந்தரிக்கே சிரிப்பு வந்தது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நோண்டவில்லை.

“வீட்ல எதுனா விசேஷமாம்மா?” என்றாள் தனம்.

“ஷூட்டிங்” என்றாள் திரிபுரசுந்தரி. சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தனம் அவள் கையைப் புரட்டிப் பார்த்தாள். போர் தண்ணீர், சோப்புத்தூள், சாக்பீஸ் எல்லாம் சேர்ந்து விரல்களைக் கோடுகோடாக வெடிக்க வைத்திருந்தன. “ஒரே நாள்ல ஆவாதும்மா. சனிக்கிழமை வரைக்கும் தெனமும் வாங்க. பாத்திரம், துணி எதையும் தொடக் கூடாது.”

அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும் யக்ஞநாராயணன் தலையில் விழுந்தன. பேனாவைத் தவிர எதையும் பிடித்தறியாத பாங்க் ஆபீசர். திரிபுரசுந்தரி பள்ளிக்கூடத்தில் சாக்பீஸைக் கைக்குட்டையில் சுற்றிக் கணக்குப் போட்டாள். ராத்திரி கை நிறைய வெண்ணெயைத் தடவி, அவர் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனம் கடைசியாக நகத்துக்கு ரோஜா நிறத்தில் பாலிஷ் போட்டாள். திரிபுரசுந்தரிக்கு அது தன் கைதானா என்று நம்ப முடியவில்லை. பஸ் கண்டக்டரிடம் தேவையே இல்லாமல் இரண்டு முறை கையை நீட்டி வழி கேட்டாள்.

சனிக்கிழமை மின்சார ரயிலில் கூட்டம். கைகளை டவலால் மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பையையும் டிக்கெட்டையும் யக்ஞநாராயணன் வைத்திருந்தார்.

ஸ்டுடியோவில் விளக்குக்குக் கீழே போய் உட்கார்ந்து டவலைப் பிரித்தாள். முனிரத்தினம் குனிந்து பார்த்தார். காமிராவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

“என்ன மேடம் இது?”

“ஏன், நன்னா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு. அதான் கஷ்டம். இது கிரீம் போட்டப்புறம் வர்ற கை. அதுக்குப் பம்பாய்ப் பொண்ணு ஒண்ணை ஏற்கெனவே எடுத்தாச்சு.” அவர் தயங்கினார். “உங்ககிட்ட நாங்க கேட்டது, கிரீம் போடறதுக்கு முன்னாடி இருக்கற கை.”

திரிபுரசுந்தரியின் காது மடல் சுட்டது. ஏறி இறங்கிய பார்லர்கள், மோந்து பார்த்த கத்தரி, கையில் மாட்டிய சாக்ஸ் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கைப்பையை வாங்கிக்கொண்டு, யக்ஞநாராயணனின் வலது கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே வைத்தாள்.

“இது ஆகுமா பாருங்கோ, சார்.”