பேஸ் கிட்டாருக்கு ஆள் தேவை

மாம்பலம் ஸ்டேஷனில் நான் ஒருமுறை கிட்டார் வாசித்தபோது, தாம்பரம் போகிற மின்சார ரயில் கிளம்ப மறந்து நின்றுவிட்டது என்று சொன்னேன்.

மூன்று பேரும் சிரிக்கவில்லை.

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வாஜித் மட்டும், அப்புறம் கிளம்பியதா சார் என்று மரியாதையாகக் கேட்டான். டிரைவர் இறங்கி வந்து இன்னொரு பாட்டு கேட்டார், அதையும் வாசித்த பிறகுதான் கிளம்பியது என்றேன்.

இடம் தி. நகர். வாஜித்தின் அப்பா வைத்திருக்கிற ஜவுளிக்கடையின் மேல்மாடி. சுற்றிலும் கூரைவரை துணி மூட்டைகள். என்ன சத்தம் போட்டாலும் துணி குடித்துவிடும், தெருவுக்குப் போகாது. அதனால்தான் ஒத்திகைக்கு அந்த இடம்.

மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில் அவர்கள் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேவை. எங்கள் மழைப் பாட்டை உங்களோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். அனுபவத்தை உண்மையாகச் சொல்லவும்.

எழுபது வயதுக்கு மேல் எனக்குக் குழுவும் வேண்டாம், மேடையும் வேண்டாம். அந்த மழைப் பாட்டை ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இன்னும் மேடையேறாத பாட்டு. எங்கும் பதிவாகவும் இல்லை. நேரே போய், வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஏன் என்று திருப்பிக் கேட்பார்கள். அதைச் சொல்வதைவிடப் பொய் சொல்வது எனக்குச் சுலபம்.

ஆகவே அள்ளி விட்டேன்.

திருவான்மியூர் கடற்கரையில் சாயங்காலம் நான் கம்பியைத் தொட்டால் போதும், நண்டெல்லாம் வளையை விட்டு வந்து வரிசையாக நின்றுவிடும். அதில் ஒரு நண்டுக்கு மட்டும் தாளம் நிற்காது. அதைத் தனியாக உட்கார வைத்துத் திருத்தி அனுப்பினேன்.

பாடுகிற பெண் ஷ்ரேயா உதட்டைக் கடித்துக்கொண்டு துணி மூட்டைகளைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

கீபோர்டுக்காரன் பரத்வாஜ், ஆரம்பிக்கலாமா சார் என்றான்.

கொண்டுபோயிருந்த பையைத் திறந்து கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டினேன். பெல்ட் குட்டை. கிட்டார் நெஞ்சுவரை ஏறிக்கொண்டது. தளர்த்திவிட ஷ்ரேயா வந்தாள். பக்கிளில் விரலை வைத்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு தளர்த்தாமலேயே மைக்குக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

வாஜித் குச்சிகளைத் தட்டினான். கீபோர்டு மெதுவாகத் தூறலாய் ஆரம்பித்தது. கிட்டார் வந்து சேர வேண்டிய இடம் வந்தது.

நான் கம்பி மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பாட்டு நின்றது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒயர் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வெயிலில் கம்பி இளகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

கிட்டாரை வாழ்நாளில் வாசித்ததே இல்லை என்றேன். ஆனால் இந்தப் பாட்டில் கிட்டாருடைய பங்கு மட்டும் மனப்பாடம். எங்கள் வீட்டில் பக்கத்து அறையிலிருந்து ஒரு வருஷமாக அது ஒன்றுதான் கேட்டது. வாசிக்கிறவளின் காதில் மாட்டியிருந்ததில் வெறும் தாளம் மட்டும் டிக் டிக்கென்று ஓடும். எனக்கு டும் டும் மட்டும் வரும். மிச்சப் பாட்டு எங்கே என்று கேட்டால், மேடையில் வாசிக்கும்போது வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாள். மேடைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

வாஜித் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"தெரியும் மாமா. நீங்க படியேறி வரும்போதே தெரியும். முத்து மாமி சொல்லிருக்காங்க, எங்காத்துக்காரர் வாயில நிஜம் வந்தா ஒடனே டாக்டரைக் கூப்டுங்கோன்னு."

அவள் போன அன்று வீட்டுக்கு வந்த கூட்டத்தில் என் முகம் இவர்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

முத்துலட்சுமி என் மனைவி. அறுபது வயதுக்கு மேல் இந்தக் கிட்டாரை எடுத்து, பேரன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தவள். ரயிலையும் நண்டையும்கூட ஒப்புக்கொள்கிற மயிலாப்பூர்க்காரர்கள் இதைச் சொன்னால் மட்டும் நம்புவதில்லை.

வாஜித் குச்சிகளைக் கையில் எடுத்தான். எனக்காக மூவரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், கிட்டார் இல்லாமலே.

கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பங்கு என்னிடம் இருக்கிறது. மிச்சம் இவர்களிடம் இருக்கிறது. இன்றைக்கு இரண்டும் சேர்ந்துவிடும்.

ஷ்ரேயாவின் குரல் எழுந்தது. அந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கீபோர்டு நிறைந்தது. டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடித்தது.

நான் டும் டும்மைத் தேடினேன்.

காலையில் பல் தேய்க்கும்போது இருந்தது. பஸ்ஸில் இருந்தது. இந்த மாடிப்படி ஏறும்போதுகூட இருந்தது. இப்போது எந்த இடத்தில் வைத்துப் பார்த்தாலும் அது உட்காரவில்லை. பாட்டு மேலே போகப் போக, அது எப்படி ஆரம்பிக்கும் என்பதே மறந்துகொண்டு வந்தது.

பாட்டு முடிந்தது. சத்தத்தையெல்லாம் துணி மூட்டைகள் குடித்துவிட்டன. என் காதுக்குள் மட்டும் ஷ்ரேயாவின் குரல் பாடிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

"எப்படி இருந்துது மாமா?" துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பிரமாதம்மா. அவளும் கூடவே வாசிச்ச மாதிரி இருந்துது."

அன்று நான் சொன்னதில் மூன்று பேரும் நம்பிய பொய் அது ஒன்றுதான்.