பல்லுப் பூச்சி

"விழுந்துருச்சு! விழுந்துருச்சு!" என்று மயிலாத்தாள் போட்ட கூச்சலில், பல்லடம் சந்தைக்குக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் அவள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பித்தளைப் போசித் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று மூன்று பூச்சிகள் மிதந்தன. ஒவ்வொன்றும் எள்ளில் பாதிகூட இராது. அதற்கே அவ்வளவு பெருமை.

பூச்சிகள் வந்த இடம், அவள் மகள் சின்னாத்தாளின் கடைவாய்ப் பல். ஏழு வயதாகிறது, ராத்திரி கன்னத்தில் அச்சுவெல்லத்தை ஒதுக்கிக்கொண்டுதான் தூங்குவாள். "குடுக்காட்டி அழுகறாளுங்க" என்று தாயே தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது பழி மொத்தமும் பூச்சிமேல்.

எடுத்தவன் கண்ணையா. சுட்ட ஓட்டுத் துண்டில் கண்டங்கத்தரி விதையைப் போட்டு, கிளம்பும் புகையைக் குழல் வைத்து வாய்க்குள் விடுவான். எச்சில் வடியும், தண்ணீரில் பூச்சி விழும். போன வாரமும் விழுந்தது, அதற்கு முந்தின வாரமும் விழுந்தது. வலி மட்டும் விழுவேனா என்றது.

"இது வேரு புடிச்ச பூச்சிங்க" என்று கண்ணையா மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். "சேராங்கொட்டை எண்ணெய். ஒரு சொட்டு உட்டு வேரைச் சுட்டுப்போட்டா, அப்பறம் வலிங்கற பேச்சே இல்லீங்க."

சேராங்கொட்டை கையில் பட்டாலே தோல் வெந்து கொப்பளிக்கும். சின்னாத்தாள் அப்பாவின் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்பா திருமூர்த்தி வீட்டில் வாய் திறப்பது அபூர்வம். அன்று திறந்தார்.

"வேண்டாம் மயிலா. கோயமுத்தூர்ல பல்லு டாக்டரு இருக்கறாரு. சொத்தையைச் சொரண்டிப்போட்டு ஓட்டையை அடைச்சுருவாராம்."

"அடைக்கறதுக்கு அதென்ன எலிப் பொந்துங்களா? உள்ள பூச்சியை வெச்சு அடைச்சா அது மூளைக்கு ஏறாதுங்களா? விழுகப்போற பால் பல்லுக்கு டாக்டராம்!"

"பால் பல்லு சீழ் வெச்சா அடியில மொளைக்கற பல்லும் கெட்டுப்போகுமாம்."

"ஆரு சொன்னா?"

"நாந்தான் சொன்னேன், அம்மணி" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எதிர் வீட்டு லட்சுமணசாமி. பைக்காரா அருவியிலிருந்து வரும் கரண்டில் ஓடும் பருத்தி ஜின்னிங் பாக்டரிக்கு முதலாளி. திருமூர்த்திக்கும் அங்கேதான் வேலை. ஐம்பதைத் தாண்டியும் மைனர் மாதிரி கிராப்பு. மனைவி தவறிப்போய், பெரியநாயக்கன்பாளையத்தில் இரண்டாம் தாரத்துக்குப் பெண் பேசி முடித்திருந்தார். தையில் கல்யாணம்.

இரண்டு வருடத்துக்கு முன் மதராஸில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தவர், வெற்றிலையை விட்டார். கறை போய், பல் முல்லை அரும்பாகிவிட்டது. எல்லாம் வேப்பங்குச்சி மகிமை என்பார். யாராவது வறுகடலையை நீட்டினால் மட்டும் "வாயுங்க" என்று கும்பிட்டு ஒதுங்குவார். பல் விளக்க அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்குத் தெருத் தாய்மார்கள் எடுத்துக் காட்டுவது அவர் பல்லைத்தான்.

"அந்த எண்ணெய் மட்டும் வேண்டாம் அம்மணி. புள்ளை வாய் வெந்துபோகும்."

"உங்களுக்கென்னங்க மொதலாளி, முத்தாட்டம் பல்லு. பூச்சி கடிச்சிருந்தாத் தெரியும்!"

லட்சுமணசாமி குப்பியைப் பார்த்தார். வேட்டிக்குள்ளிருந்து தெரிந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தார். பிறகு மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தைத் திருமூர்த்தியிடம் கொடுத்துவிட்டுப் போசிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"எங்க, எனக்கும் ஒருக்காப் புகை போடுங்க கண்ணையா."

பெரிய இடத்து வாய் கிடைத்த உற்சாகத்தில் கண்ணையா போசித் தண்ணீரை மாற்றிவிட்டு, விதையைக் கொஞ்சம் கூடவே போட்டான். முதலாளி இருமினார், கண்ணீர் விட்டார், எச்சில் வடித்தார். கண்ணையா குனிந்து எண்ணிவிட்டு நிமிர்ந்தான்.

"நாலுங்க!"

வாசல் கலகலத்தது. "வேப்பங்குச்சி வெளக்கியே நாலுங்களா!" என்றாள் ஒருத்தி. "பொண்ணூட்டுக்காரங்க காதுல உழுகாமப் பாத்துக்கோங்க" என்று இன்னொருத்தி இடித்தாள்.

மயிலாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா! மொதலாளி பல்லுலயே நாலு இருக்கறப்ப எம்புள்ளைக்கு இருக்காதுங்களா? ஏனுங்க, அவளைக் கெட்டியாப் புடிங்க. கண்ணையா, நீங்க குப்பியத் தொறங்க."

கண்ணையா தக்கையைப் பிடுங்கினான். சின்னாத்தாள் வீறிட்டாள்.

"இருங்க" என்றார் லட்சுமணசாமி.

சுற்றி ஒரு தரம் பார்த்தார். தெருவே நின்றுகொண்டிருந்தது. இங்கே நடப்பது இருட்டுவதற்குள் பெரியநாயக்கன்பாளையம் போய்விடும். கொண்டுபோவதற்கு ஆள் பஞ்சமில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

பெருமூச்சு விட்டார். வாய்க்குள் இரண்டு விரலை விட்டார்.

மேல் வரிசை முழுதாக வெளியே வந்தது. பின்னாலேயே கீழ் வரிசையும் வந்தது. இரண்டையும் அந்த நாலு பூச்சிகளுக்குப் பக்கத்தில் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒட்டிப்போன கன்னத்தோடு கண்ணையாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல எந்தப் பல்லுங்க?"